சொல்லிக்கொண்டு போகட்டும்



தூரதேசத்தில் வாழும் பிள்ளைகளை உற்றாரும் உறவினரும் கூடி நின்று வழியனுப்பும் வழக்கம் பெற்றோருக்கு ஆறுதலா, ஆறாத் துயரமா என்பது இன்றைய பட்டிமன்றத்தின் வினா. ஆறுதலே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், விடுமுறைக்கு வந்த பிள்ளை திரும்பிப் போகும் நாளில் வீடு நிறைய ஜனங்கள் கூடுவதும், தாய் விம்முவதும், தகப்பன் வாசற்படியில் வார்த்தையின்றி நிற்பதும் வீண் வியாகூலத்தை வளர்ப்பவை என்றும், நினைத்த மாத்திரத்தில் முகம் பார்த்துப் பேசக் கைப்பேசி இருக்கும் இக்காலத்தில், விடியுமுன் வாடகைக் காரில் ஏறி ஓசையின்றிப் போய்விடுவதே முதியோரின் உடம்புக்கும் உள்ளத்துக்கும் நல்லது என்றும் சொன்னார். அன்பினால் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், பிரிவைப் பற்றி இந்தப் புதுக்கோட்டைச் சீமை தலைமுறை தலைமுறையாகக் கற்றிருக்கும் பாடம் வேறு.

ராயவரம், ராங்கியம், மேலைச்சிவபுரி, பனையப்பட்டி முதலிய ஊர்களில் நகரத்தாரின் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். அவற்றை எழுப்பிய பொருளில் பெரும்பகுதி ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் ஈட்டப்பட்டது. கடையில் பெட்டியடிப் பையனாக இளம்பருவத்திலேயே கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாகி உயர்ந்தவன் மூன்றாண்டுக் கணக்கு முடிந்து ஊர் திரும்புமளவும், கடிதமன்றி வேறு துணையில்லாமல், அவனைப் பெற்றவள் அந்த முற்றங்களில் காத்திருந்தாள். இத்தகைய பிரிவை ஓயாமல் அநுபவித்த சமூகம், எதிரணியார் கூற்று உண்மையாயின், வழியனுப்பும் சடங்கைச் சுருக்கியிருக்க வேண்டுமல்லவா? அவர்களோ அதை நீட்டினார்கள்.

புறப்படும் நாள் நல்ல நாளாக அமையாவிட்டால், அதற்கு முன் வரும் சுபவேளையில் பிரயாண மூட்டை ஒன்றை எடுத்துப் போய் வேறொரு வீட்டில் வைப்பது நம் நாட்டு வழக்கம்; அதைப் பரஸ்தானம் என்பார்கள். சோதிடத்தை நம்புவோர் நம்பட்டும், மறுப்போர் மறுக்கட்டும். அந்த மூட்டை எதிர்வீட்டுக் கூடத்தில் போய் அமர்ந்த நேரத்திலிருந்து, மகன் இன்னும் தாய் கையால் சோறுண்டு கொண்டிருக்கும்போதே, அவன் போகப்போகிறான் என்பதை அவள் நெஞ்சு சிறிது சிறிதாக ஏற்கத் தொடங்கிவிடும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். பிறகு, பயணம் சொல்லிக்கொள்வது. பங்காளிகள், தாயபிள்ளைகள், அண்டை அயலார் என்று ஒவ்வொரு வீடாகப் போய், பெரியவர்களை விழுந்து கும்பிட்டு, விபூதி பூசிக்கொண்டு வருவான். கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் முதலிய கடலோர ஊர்களில், வெளிநாடு போகும் சபுராளி புறப்படுமுன் பாத்திஹா ஓதி, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் சென்று பயணம் சொல்லி, தமக்காகத் துஆச் செய்யும்படி கேட்டுக்கொள்வார். மதம் வேறு, ஓதும் மொழி வேறு. செய்யும் காரியம் ஒன்றே.

அந்தக் காரியத்தின் பயன் என்ன? இங்கேதான் எதிரணியார் கணக்குப் பிசகுகிறது. வழியனுப்புதல் போகிறவனுக்காகச் செய்யப்படுவது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். பயணம் சொல்லப்போன வீட்டில் அவன் என்ன சொல்கிறான் என்று சற்றே செவிகொடுத்துக் கேளுங்கள்: “ஆத்தாவைப் பார்த்துக்கோங்க அயித்தை; அப்பாவுக்குச் சர்க்கரை கூடுது, ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா நம்ம சின்னத்தம்பிகிட்டச் சொல்லுங்க.” பெற்றோரை ஊரின் கையில் ஒப்படைத்துவிட்டல்லவா அவன் போகிறான்! விபூதி கொடுத்த கைகளெல்லாம் அந்தக் கணத்திலேயே ஒரு பொறுப்பையும் ஏற்றுக்கொள்கின்றன. மறுநாள் காலையில் “என்ன அண்ணி, தம்பி போய்ச் சேர்ந்துட்டானாமா?” என்று கேட்டபடி படியேறி வரும் பக்கத்து வீட்டுக்காரியின் வருகைக்கு விதை முந்தின நாள் கூடிய கூட்டத்தில் இருக்கிறது. ஓசையின்றிப் போன பிள்ளையின் வீட்டுக்கு யார் வருவார்? அவன் போனதே ஊருக்குத் தெரியாதே!

சொல்லாமற் போவதன் துயரத்தைச் சங்கப் புலவர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில், ஓதலாந்தையார் பாடியவற்றுள், ‘மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து’ என்றொரு பத்து இருக்கிறது. காதலனோடு உடன்போக்காகச் சென்றுவிட்ட மகளை நினைந்து, பெற்றவள் இரங்கும் பாடல்கள் அவை. விடைபெறாமற் போன ஒரு மகளுக்காகப் பத்துப் பாட்டுப் புலம்பியும் அந்தத் தாய்க்கு ஆறவில்லை. நண்பர் காட்டும் ஓசையற்ற வழி மனோதைரியத்தைத் தருவது உண்மையானால், அந்தத் தாய்க்கன்றோ அது முதலில் வாய்த்திருக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1941 டிசம்பர் 23இல் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினார்கள்; 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து கால்நடையாய் வந்தார்கள். வழியிலே மாண்டவர் பலர். மலேயாவில் இருந்தவர்களுக்கும் இங்கிருந்த பெற்றோருக்கும் இடையே, 1945இல் யுத்தம் முடியுமளவும், வழக்கமான தபால் தொடர்பு அறுந்தே கிடந்தது. அந்த நெடுங்காலத்தில் ஒரு தகப்பனிடம் எஞ்சியிருந்தது எது? மகன் கடைசியாகக் கும்பிட்டெழுந்ததும், தாம் அவன் தலையில் கைவைத்ததும், அவன் சொல்லிப்போன வார்த்தைகளுமே. அவற்றையும் மிச்சம் பிடித்திருந்தால் அவர் எதைப் பற்றிக்கொண்டு நாட்களைக் கழித்திருப்பார்?

காலம் மாறிற்று என்பது வாஸ்தவம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றிச் சென்ற ரஜூலாக் கப்பல் 1973இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீவிபத்துக்கு ஆளானபின் அந்தக் கடல்வழியே அற்றுப்போயிற்று. இன்று ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். ஆனால் முந்தின நாள் இரவு வீட்டுக்குள் நடப்பது மாறவில்லை. கொக்கித் தராசில் பெட்டியை மாட்டித் தகப்பனார் மூச்சுப்பிடித்துத் தூக்குகிறார். தாய் குனிந்து எண்ணைப் பார்க்கிறாள். இரண்டு கிலோ மிகுதி. மகன் ஊறுகாய்ப் புட்டியை எடுத்து வெளியே வைக்கிறான். அவள் ஒன்றும் பேசாமல் அவனுடைய சட்டைகளில் இரண்டை எடுத்துவிட்டு, ஆதனக்கோட்டை முந்திரிப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளி, புட்டியைப் பழையபடியே உள்ளே வைக்கிறாள். எனக்கும் ஒரு மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான். அந்தப் பெட்டியைக் கட்டும் இரண்டு மணி நேரமும் என் மனைவி அழுவதில்லை; கைக்கு வேலை இருக்கிறது. துக்கத்திற்கு ஒரு வேலையும் ஒரு வேளையும் ஒதுக்கித் தருவது எளிய உபகாரமன்று.

கைப்பேசியை நான் குறை கூறவில்லை. நாள்தோறும் பேரக்குழந்தையின் முகத்தை அது காட்டுகிறது; அதற்கு நன்றி செலுத்தத்தான் வேண்டும். ஆயினும், விழுந்து கும்பிட்ட பிள்ளையைத் தூக்கி நிறுத்தும்போது, இளைத்திருக்கிறானா, தோளில் வலு இருக்கிறதா என்று தாயின் கை அறிவதைக் கண்ணாடித் திரை அறியாது.

கடைசியாக, எதிரணியாரின் மிக வலுவான வாதத்துக்கு வருகிறேன். வயது முதிர்ந்த பெற்றோருக்கு ஒவ்வொரு முறையும், இதுவே கடைசி வழியனுப்போ என்ற எண்ணம் எழுகிறதே, அதைக் கிளறலாமா என்று கேட்டார்கள். கிளறினாலும் கிளறாவிட்டாலும் அந்த எண்ணம் எழத்தான் செய்யும். கூடத்தில் நாலு பேர் இருக்கும்போது எழுந்தால் தேற்ற ஆள் உண்டு. விடியற்காலையில் வெறுங்கட்டிலைப் பார்த்து எழுந்தால் யார் உண்டு? அன்றியும் அந்த எண்ணம் சிற்சில சமயம் மெய்யாகியும் விடுகிறது. விசாவும் விமானமும் விடுப்பும் ஒத்துவராமல், தாய் தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமற்போன பிள்ளைகள் இந்தச் சபையிலுள்ளோர் குடும்பங்களிலேயே இருக்கக்கூடும். அவர்களில் ஒருவன் வெளிநாட்டு விடுதியறையில் அந்தச் செய்தியைக் கேட்டு உட்கார்ந்திருக்கும்போது, சென்ற முறை புறப்பட்ட அன்று தகப்பனார் நெற்றியில் விபூதி இட்டதையாவது அவன் நினைத்துக்கொள்ளலாம். தூங்கட்டும் என்று எழுப்பாமலே போய்விட்ட பிள்ளை எதை நினைத்துக்கொள்வான்? எனக்குப் பின் பேச எழும் எதிரணி அம்மையார் மற்றவற்றை விட்டாலும் இந்த ஒன்றுக்கு விடை கூறவேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.