தேடிப் போனது ஒண்ணு, கிடைச்சது ரெண்டு

மே மாசக் கடைசியில, ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடி ஏறித் தெக்கால பாருங்க. அடிவானத்துக்குக் கொஞ்சம் மேல ரெண்டு நட்சத்திரம் பளிச்சுனு நிக்கும். இடதுபக்கம் இருக்கறது ஆல்ஃபா சென்டாரி. கண்ணுக்கு ஒண்ணுதான், உள்ளபடிக்கு அது ஒரு ஜோடி.

அதை முதல்ல கண்டது எங்கே தெரியுங்களா? புதுச்சேரியில. 1689 டிசம்பர்ல ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கிட்டிருந்த இயேசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ கண்ணுல இந்த ஜோடி பட்டுது.

ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்துது, ஆனா வட்டமா இல்ல, நீள்வட்டமா. நெருங்குனா, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 11 மடங்கு. விலகுனா 36 மடங்கு. 19-ஆம் நூற்றாண்டுல சென்னையில இருந்து வானத்தை ஆராய்ஞ்ச கேப்டன் ஜேக்கப், பவல் ரெண்டு பேரும் இந்தப் பாதைக்குக் கணக்குப் போட்டாங்க. ஒரு சுத்துக்கு 80 வருஷம். முழுசாப் பார்க்க ஒரு ஆயுசு வேணும்!

சில நாள்லயே சுத்தி முடிக்கிற ஜோடிகளும் உண்டு. ஆனா அதுங்க அவ்வளவு நெருக்கம். தொலைநோக்கியிலயும் ஒண்ணாத்தான் தெரியும். வெளிச்சம் ஏறி இறங்கறதை வச்சுப் பிடிக்கலாம். தரையில இருந்து பார்த்தா காத்து மினுக்கும், பகல் மறிக்கும்.

2009-ல நாசா கெப்ளர் தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்புச்சு. ஒன்றரை லட்சம் நட்சத்திரம், அரை மணிக்கொரு அளவு, நாலு வருஷம். செக்கிங் டேபிள்ல துணியில ஓட்டை தேடுவோமில்லைங்களா, அப்படி அது தேடுனது வெளிச்சம் மங்கறதைத்தான். கிரகம் குறுக்க வந்தா வெளிச்சம் குறையுமே!

2011-ல கே.ஓ.ஐ-54-ங்கிற நட்சத்திரத்துல கதை மாறுச்சு. 42 நாளைக்கு ஒருக்கா வெளிச்சம் 0.7 சதவீதம் கூடுச்சு. அதுவும் ஒரு ஜோடிதான். கடலை நிலா இழுக்கற மாதிரி, நெருங்கும்போது ரெண்டு நட்சத்திரமும் ஒண்ணையொண்ணு இழுத்து உருவமே மாறுது, ஒண்ணோட சூடு இன்னொண்ணு மேல அடிக்குது. விலகுன பிறகும் மணி மாதிரி அதிர்வு நிக்கறதில்ல: ஒரு சுத்துக்கு 90 தடவை, 91 தடவைன்னு ரெண்டு அதிர்வு. வரைபடம் ஈசிஜி மாதிரி இருந்ததால ‘இதயத்துடிப்பு நட்சத்திரம்’னு பேரு. இந்த வடிவத்தை விஞ்ஞானி பவன் குமாரும் கூட்டாளிகளும் 1995-லயே கணக்குல எழுதி வச்சிருந்தாங்க!

2018-ல கிளம்புன டெஸ் தொலைநோக்கி இப்ப இன்னும் பரவலாத் தேடுது. முதல்ல மாடியில பார்த்த ஆல்ஃபா சென்டாரி ஜோடி கடைசியா நெருங்குனது 1955-ல. அடுத்தது 2035. அன்னைக்கும் மாடியில நின்னா ஒத்தைப் புள்ளியாத்தான் தெரியும். பக்கத்துல நிக்கற புள்ளைங்ககிட்ட, அது ரெண்டுன்னு சொல்லுங்க.