சுரங்க வாயிலும் மக்களவை வாயிலும்

(கோலார் தங்கவயலில் தொழிற்சங்க ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் எவ்வாறு வலிமை பெறுகிறார்கள், பெற்ற வலிமையை எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்பது இன்றைய தலைப்பு. வேறோர் ஊரில் இத்தலைப்பை 2004ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். தங்கவயலில் அவ்வாறு தொடங்கினால் அது நேர்மையாகாது. மக்களவையில் இடதுசாரிகளின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்ட அந்த ஆண்டில் இங்கே சுரங்கம் மூடப்பட்டு மூன்றாண்டுகள் கடந்திருந்தன. ஆகவே இந்த ஊரின் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜான் டெய்லர் நிறுவனம் 1880களில் இங்கே ஆழத் தோண்டத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து நிலமற்ற தலித் உழைப்பாளிகள் வந்து குவிந்தனர். அவர்கள் இறங்கிய குழிகள் காலப்போக்கில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தைக் கடந்தன. மைசூர் ஒரு சமஸ்தானம். ஆதலால் தில்லியின் மத்திய சட்டமன்றம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு இயற்றிய தொழிலாளர் சட்டங்கள் இங்கே தாமாக நுழையவில்லை. இங்கு கிடைத்தவையெல்லாம் நேரடியாகப் போராடிப் பெற்றவை. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. நுரையீரலைக் கல்லாக்கும் சிலிகோசிஸ் நோய்க்கு இழப்பீடு வழங்கும் விதிகளை 1940இல் சமஸ்தான அரசு கொண்டுவந்தது. 1946 நவம்பர் 4 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர்நீத்தனர். வாக்குரிமை வருவதற்கு முன்பே இந்த ஊருக்கு அரசியல் வந்துவிட்டது.

வாக்குரிமை வந்ததும் அதன் பயன் உடனே தெரிந்தது. 1952இல் சுரங்கத் தொழிலாளர் தலைவர் கே.எஸ்.வாசன் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் மைசூர் சட்டமன்றத்துக்குச் சென்றார். 1957இல் எம்.சி.நரசிம்மன் சென்றார். 1985இல் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.எஸ்.மணி சென்றார். அம்பேத்கர் இயக்கமும் இதே மண்ணில் வேரூன்றித் தன் பிரதிநிதிகளை அனுப்பியது. தெருவில் திரண்ட வலிமை பெங்களூரில் சட்டமாக மாறியதற்குச் சான்று, 1956இல் மைசூர் சட்டமன்றம் நிறைவேற்றிய தங்கச் சுரங்கங்களைக் கையகப்படுத்தும் சட்டம். வெள்ளையர் நிறுவனம் வெளியேறியது. அதற்கு நல்ல தொகையை இழப்பீடாகப் பெற்றுக்கொண்டுதான் வெளியேறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1962இல் சுரங்கம் மத்திய நிதியமைச்சகத்தின் கைக்கு மாறியது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்னும் பொதுத்துறை நிறுவனமாயிற்று. இந்த மாற்றத்தின் பொருளை அன்று பலரும் முழுமையாக உணரவில்லை. கூலி, முதலீடு, தங்கத்தின் விலை ஆகிய அனைத்தையும் முடிவு செய்யும் இடம் பெங்களூரிலிருந்து தில்லிக்குச் சென்றுவிட்டது. தொழிலாளியின் வாக்கு வலிமையோ ஒரு சட்டமன்றத் தொகுதிக்குள் நின்றுவிட்டது. கோலார் மக்களவைத் தொகுதி பரந்த கிராமப்புறங்களைக் கொண்டது. அதில் சுரங்கக் குடியிருப்புகளின் வாக்குகள் ஏரியில் கரைத்த உப்பு. கோலாரிலிருந்து ஓர் இடதுசாரி உறுப்பினர்கூட இன்றுவரை மக்களவைக்குச் சென்றதில்லை.

இதன் விளைவு தங்கத்தின் விலையில் தெரிந்தது. மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தபின் நெடுங்காலம், இங்கே எடுத்த தங்கம் பன்னாட்டு நிதியத்தின் அதிகாரபூர்வ விலையை ஒட்டிய விலையில் அரசுக்கே சென்றது. உள்நாட்டுச் சந்தையில் தங்கம் விற்ற விலை அதைவிட வெகு உயர்ந்தது. சாராயக் கடைக்காரர்கூடச் சந்தை விலைக்கு விற்ற நாட்டில், தங்கம் தோண்டியவன் மட்டும் சந்தைக்குப் போகக் கூடாது! இவ்வாறு விலையைத் தாழ்த்தி எழுதிய அதே அரசு, பின்னர் பேரேட்டைப் புரட்டி "நட்டம்" என்று வாசித்தது. 1992இல் நலிந்த தொழில் நிறுவனங்களுக்கான வாரியத்திடம் சுரங்கம் அனுப்பப்பட்டது. 2000இல் அவ்வாரியம் மூடுவதற்குப் பரிந்துரைத்தது.

இந்த இடத்தில் ஒரு சட்டப்பிரிவைக் கவனிக்க வேண்டும். தொழில் தகராறுகள் சட்டத்தில் 1976இல் ஒரு திருத்தம் வந்தது. முந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையையோ சுரங்கத்தையோ மூட அரசின் முன்அனுமதி வேண்டும் என்றது. பின்னர் அந்த எண்ணிக்கை நூறாகக் குறைந்தது. உழைப்பவர்க்குப் பாதுகாப்பளிக்கும் நல்ல பிரிவுதான். ஆனால் தங்கவயலில் மூட விரும்பிய முதலாளி மத்திய அரசு. சுரங்கம் என்பதால் அனுமதி வழங்க வேண்டியதும் மத்திய அரசு. ஓர் அமைச்சகம் விண்ணப்பித்தது, இன்னோர் அமைச்சகம் ஒப்புதல் தந்தது. 2001 மார்ச் 1 முதல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே நின்றனர். அப்போது உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் ஒன்றுக்கு 300 டாலருக்கும் கீழே. பத்தே ஆண்டுகளில் அது 1,500 டாலரைத் தாண்டியது. நல்ல சட்டம் ஏட்டில் இருந்தும், அதைக் கையாளும் அரசைக் கட்டுப்படுத்தும் வலிமை அவையில் இல்லை.

இனி 2004க்கு வரலாம். மார்க்சிஸ்ட் கட்சிக்கு 43, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 10, புரட்சிகர சோசலிஸ்ட் கட்சிக்கும் பார்வர்டு பிளாக்கிற்கும் தலா 3: மொத்தம் 59. இடதுசாரிகள் அமைச்சரவையில் சேரவில்லை. குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தின் அடிப்படையில் வெளியிலிருந்து ஆதரவு தந்தனர். அந்த நான்காண்டுகளில் நடந்தவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஊரக வேலை உறுதி மசோதா 2004 இறுதியில் அறிமுகமானபோது வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கென்றே வரையப்பட்டிருந்தது. 2005இல் சட்டமானபோது கேட்கும் கிராமப்புறக் குடும்பம் எதற்கும் உரிமை என்றாயிற்று. வன உரிமை மசோதாவில் 1980 என்றிருந்த காலவரம்பு, 2006இல் சட்டமானபோது 2005 டிசம்பர் 13 என நகர்ந்தது. பழங்குடியல்லாத வனவாசிகளும் சேர்க்கப்பட்டனர். 2005இன் காப்புரிமைத் திருத்தத்தில் இடம்பெற்ற 3(ஈ) பிரிவு, பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய காப்புரிமை கேட்பதைத் தடுத்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்து அப்பிரிவை எதிர்த்தது. 2013இல் உச்சநீதிமன்றத்திலும் தோற்றது. இரத்தப் புற்றுநோய்க்கு மலிவு விலையில் மாத்திரை வாங்கும் குடும்பங்களுக்கு அந்தச் சிறு பிரிவின் மதிப்பு தெரியும்.

இம்மூன்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. அவைக்கு வெளியே விவசாயத் தொழிலாளர் சங்கங்கள், பழங்குடி அமைப்புகள், நோயாளிகள் சார்பான இயக்கங்கள் ஏற்கெனவே களத்தில் இருந்தன. 59 பேர் கைதூக்கியதால் மட்டும் ஒரு காற்புள்ளிகூட மாறியிருக்காது.

இதற்குத் தெளிவான சான்று நெய்வேலி. 2006இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் பத்து விழுக்காட்டுப் பங்குகளை விற்க மத்திய அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இடதுசாரிகள் எதிர்த்தனர். மக்களவையில் 16 உறுப்பினர்களைக் கொண்டிருந்த தி.மு.க.வும், தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பைக் கண்டு, ஆதரவைப் பற்றியே கேள்வி எழுப்பியது. ஜூலை மாதம் பங்கு விற்பனை முடிவுகள் அனைத்தையும் பிரதமர் நிறுத்திவைத்தார். வேலைநிறுத்தமும் அவையின் எண்ணிக்கையும் ஒரே வாரத்தில் ஒரே இடத்தைத் தாக்கின.

அப்படியானால் தங்கவயல் ஏன் திறக்கப்படவில்லை? இந்த ஊரில் இக்கேள்வியைத் தவிர்க்க எவருக்கும் உரிமையில்லை. விடையின் ஒரு பகுதி குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தின் வாசகத்திலேயே உள்ளது. இலாபம் ஈட்டும் பொதுத்துறை நிறுவனங்களைத் தனியாருக்கு விற்பதில்லை என்று அது உறுதியளித்தது. தொடர்ந்து நட்டத்தில் இயங்குபவற்றை, தொழிலாளர்க்கு உரியதைக் கொடுத்தபின், விற்கவோ மூடவோ செய்யலாம் என்றது. நெய்வேலி கோட்டுக்கு உள்ளே நின்றது, தங்கவயல் வெளியே. அந்த நட்டம் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்ற கேள்வியை அந்த ஆவணம் கேட்கவில்லை. பேரம் பேசி வென்ற ஒரு வாக்கியம், தன் நிழலில் வேறு சிலரை இருட்டில் நிறுத்திவிடும்.

மறு பகுதி இங்கேயே உள்ளது. மூடிய சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் காவலாளி வேலைக்கும் சென்று, இருட்டியபின் திரும்பும் ஆயிரக்கணக்கானோரை எந்த வாயிலில் திரட்டுவது? பொலிவியாவில் 1985ஆம் ஆண்டு ஒரே ஆணையால் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்கள் வேலையிழந்தனர். அவர்களில் பலர் எல் ஆல்டோ நகரின் புறச்சேரிகளிலும் கோக்கா பயிரிடும் சாப்பாரே பகுதியிலும் குடியேறினர். கையில் எடுத்துச் சென்றது சங்கம் கட்டும் பழக்கம் ஒன்றே. இருபதாண்டுகளுக்குப் பின் அந்தப் பகுதிகள்தாம் எவோ மொராலிஸைக் குடியரசுத் தலைவராக்கிய இயக்கத்தின் கோட்டைகள். அங்கே மக்கள் புதிய இடத்தில் ஒன்றாகக் குடியேறினர். தங்கவயலின் மக்கள் பழைய லைன் வீடுகளில் இருந்துகொண்டே நாள்தோறும் சிதறுகின்றனர். இரயில் பெட்டியில் சங்கம் கட்டுவது கடினம்; ஆயினும் ஆட்கள் இருக்குமிடம் அதுதான்.

2008 ஜூலையில் அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டனர். அரசு 275க்கு 256 என்ற கணக்கில் பிழைத்தது. 2009இல் 59 என்பது 24 ஆயிற்று. இன்றைய மக்களவையில் இடதுசாரிகளை இரு கை விரல்களில் எண்ணிவிடலாம்; அவர்களில் நால்வர் தமிழ்நாட்டின் மதுரை, திண்டுக்கல், நாகப்பட்டினம், திருப்பூர் தொகுதிகளிலிருந்து கூட்டணியின் துணையோடு சென்றவர்கள். 2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு நிறைவேறியது. மூடுவதற்கு அனுமதி தேவைப்படும் எண்ணிக்கை நூறிலிருந்து மீண்டும் முந்நூறாயிற்று. 2001இல் தங்கவயலுக்குக் கைகொடுக்காத பிரிவுதான்; ஆனால் அது இருந்ததால்தான் வழக்காவது நடத்த முடிந்தது.

இப்போது இந்த ஊரின் முன் நிற்பது இன்னொரு கோப்பு. 2024 ஜூனில், 13 கழிவுமண் மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மேடுகளின் சயனைடு தூசியைச் சுவாசித்தவர்கள் இங்கிருப்பவர்கள். அதிலுள்ள தங்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். ஏலம் எந்த நிபந்தனைகளோடு நடக்கும்? வேலையில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்ன பங்கு? ஏறத்தாழ 12,000 ஏக்கர் நிலத்தில் லைன் வீடுகளுக்கான உரிமை யார் பெயரில் எழுதப்படும்? இவை சுரங்க அமைச்சகம் விடையளிக்க வேண்டிய கேள்விகள். கோலார் உறுப்பினர் கேட்காவிட்டால் மதுரை உறுப்பினரோ நாகப்பட்டினம் உறுப்பினரோ கேட்கலாம். மக்களவை விதிகளில் தொகுதி எல்லை ஒரு தடையன்று. அவர்கள் கேட்பதற்கான விவரங்களை, சாம்பியன் ரீஃப் முதல் மாரிக்குப்பம் வரை ஒவ்வொரு லைனிலும் வீடுவீடாகத் திரட்டி, அடுத்த கூட்டத்தொடர் தொடங்குமுன் தில்லிக்கு அனுப்பும் பொறுப்பு இந்த வகுப்பில் அமர்ந்திருப்பவர்களுடையது.