ஆத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போன கதை

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், ஆற்றங்கரை ஊர்க் குழுக்களின் சார்பில் பேசியது)



மேடையில் பேசணும்னு சொன்னதும் எங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வங்கிக் கடனில் எத்தனை தவணை பாக்கின்னு கேட்டா தூக்கத்துல கூடச் சொல்லிடுவோம். ஆனா தலைவி அக்கா, "அதெல்லாம் அறிக்கையில இருக்கு. நீங்க பிள்ளைகளை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களே, அதைச் சொல்லுங்க"ன்னுட்டாங்க. நல்லதையும் சொல்றோம், நாங்க தப்புப் பண்ணினதையும் சொல்றோம்.

எங்க ஊர் அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில இருக்கு. தெருக்கோடியில இருந்து எண்ணி முந்நூறு எட்டு வச்சா ஆறு. 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுவை மாற்றி அமைத்தபோது நம்ம குழுப் பெண்கள் சிலர் அதில் உறுப்பினர் ஆனோம். ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தப்ப எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சும்மா பேச்சுக்குக் கேட்டோம், "ஆத்துல இறங்கினவங்க கை தூக்குங்க"ன்னு. பாதிக் கை கூட எழும்பல. ஒரு பிள்ளை சொல்லுச்சு, "பஸ்ஸுல பாலத்து மேல போகும்போது பாத்திருக்கேன் அத்தை."

எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. பொதிகையில பிறந்து புன்னைக்காயல்ல கடல் சேருற வரைக்கும் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுற ஆறு இது. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணி இதுதான். காருக்கும் பிசானத்துக்கும் இதுதான். அதோட கரையில பிறந்த பிள்ளை அதைப் பஸ் ஜன்னல் வழியாப் பாக்குது.

காரணம் யோசிச்சுப் பார்த்தா நாங்கதான். எங்க சின்ன வயசுல குடம் எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போகாத நாள் கிடையாது. இப்ப வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துட்டு. அது நல்லதுதான், இடுப்பு ஒடிய நாங்க சுமந்தது போதும். ஆனா குழாய் வந்ததும் பிள்ளைக்கும் ஆத்துக்கும் இருந்த பழக்கம் விட்டுப்போச்சு. மிஞ்சினது ஒரு சொல்தான்: "ஆத்துப் பக்கம் போவாதல!" சொன்னா கேட்கவா செய்யறான்? பையன்கள் திருட்டுத்தனமாப் போறாங்க. பெண் பிள்ளைகள் போறதே இல்ல. எங்கே பாறை, எங்கே கசம், எங்கே இழுப்புன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. ஒரு திருவிழா, ஒரு ஆடி அமாவாசைன்னு கூட்டத்தோட கூட்டமா இறங்கும்போதுதான் பேப்பர்ல படிக்கிற செய்தி நடக்குது.

அதனால நாங்களே கூட்டிட்டுப் போறதுன்னு தீர்மானம் போட்டோம். தலைமையாசிரியர் மூணு தடவை திருப்பி அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஏதாவது ஒண்ணு ஆனா பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. நாலாவது தடவை அறிவியல் டீச்சர் "நானும் கூட வாரேன்"னு சொன்ன பிறகுதான் சரின்னார்.

நாங்க என்ன சொல்லிக் கொடுக்கப் போறோம், பத்தாவது கூடத் தாண்டலியேன்னு எங்களுக்கே பயம். முதல் நாள் அந்தப் பயத்தைப் போக்கினது எங்க குழுவுலயே மூத்தவங்க. எல்லாரும் ஆச்சின்னுதான் கூப்பிடுவோம். மணல்ல உட்கார்ந்து ரெண்டு கையாலயும் ஊத்து தோண்டினாங்க. முதல்ல கலங்கலா ஊறுச்சு. சிரட்டையால இறைச்சு இறைச்சு வெளியே விட்டாங்க. கொஞ்ச நேரத்துல கண்ணாடி மாதிரி தண்ணி. பக்கத்துல ஓடுற தண்ணியை ஒரு டம்ளர், ஊத்துத் தண்ணியை ஒரு டம்ளர் எடுத்து வெயில்ல காட்டினாங்க. "மணல் வடிகட்டித் தந்திருக்கு பாரு"ன்னாங்க. பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு ஊத்து தோண்ட ஆரம்பிச்சிட்டாங்க. மணல் போன இடத்துல ஏன் ஊத்து கிடைக்காதுன்னு அதுக்கு மேல பாடம் நடத்த வேண்டியிருக்கல. (குடிக்க விடல. முன்ன மாதிரி இல்ல இப்ப.)

டீச்சர் சொல்லிக் கொடுத்ததை நாங்களும் பிள்ளைகளோட சேர்ந்தே படிச்சோம். ஓடுற தண்ணிக்குள்ள கிடக்கிற கல்லைப் புரட்டினா அடியில சின்னச் சின்னப் பூச்சிகள் ஒட்டியிருக்கும். மூணு வால் வச்ச ஒண்ணு இருக்கு. மணலை ஒட்டித் தனக்கே ஒரு கூடு கட்டிக்கிட்டு அதுக்குள்ள இருக்கிறது ஒண்ணு. மூச்சுக் காத்து நிறைய கலந்த சுத்தமான தண்ணியிலதான் இந்த மாதிரிப் பூச்சிகள் நல்லாப் பெருகும். இத்தனை வருஷம் அந்தக் கல்லு மேலதான் துணி துவைச்சோம், ஒரு நாளும் புரட்டிப் பார்க்கல.

அப்புறம் ஊர்ச் சாக்கடை கலக்கிற இடத்துக்குக் கீழே போய்ச் சேற்றை அள்ளிப் பார்த்தோம். மூணு வால் பூச்சி ஒண்ணு கூட இல்ல. ரத்தச் சிவப்பா நெளியற புழுதான். நம்ம ரத்தத்துல சிவப்பா ஒரு பொருள் இருக்கில்லையா, அது மாதிரி அந்தப் புழு உடம்புலயும் இருக்காம். அதனால காத்து குறைஞ்ச அழுக்குத் தண்ணியிலயும் பிழைச்சுக்கும். அம்பது எட்டு தூரத்துக்குள்ள ரெண்டு ஆறு! ஒரு பிள்ளை எங்களைப் பார்த்துக் கேட்டா, "இந்தச் சாக்கடை யார் வீட்டுலேர்ந்து வருது? நீங்களும் இங்கதானே சோப்பு போட்டுத் துவைக்கீங்க?"

பதில் சொல்லத் தெரியாம நின்னோம். அதுக்கப்புறம் எல்லாரும் ஆத்துல துவைக்கிறதை விட்டுட்டோம்னு சொன்னா பொய். சில பேர் குடத்துல மொண்டு கரைக்கு மேல கொண்டுபோய்த் துவைக்கிறோம். அவ்வளவுதான். ஆனா காந்தி ஜெயந்தி கிராம சபையில பிள்ளைகள் எழுதின கணக்கோட போய் நின்னு உறிஞ்சுகுழி கேட்டோம். எங்க தெருவுல கொஞ்ச வீட்டுக்கு வந்திருக்கு. மத்த தெருவுக்கு இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கோம்.

தண்ணி வேகம் அளக்கிறதும் உண்டு. கரையோரமாப் பத்து மீட்டர் கயிறு பிடிச்சு, மேல் முனையில ஒரு எலுமிச்சம்பழத்தை விட்டு, கீழ் முனைக்கு வர எத்தனை வினாடின்னு செல்போன்ல பார்க்கணும். இருபது வினாடின்னா, வினாடிக்கு அரை மீட்டர். வகுப்புல கணக்குன்னா ஓடி ஒளியற பையன்தான் இதுல முன்னாடி நிப்பான். எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் இதுதான். ஆபத்து வந்ததும் இதுலதான்.

2023 பிப்ரவரி. மூணாவது தடவை போயிருந்தோம். முழங்கால் அளவு தண்ணி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் பழத்தைப் பிடிக்கப் பின்னால ஒரு எட்டு வச்சான். அவ்வளவுதான், ஆளைக் காணோம். எப்பவோ மணல் அள்ளின பள்ளம். மேலேயிருந்து பார்த்தா தெரியவே இல்ல. எங்கள்ல ஒருத்தர் குதிக்கப் போனாங்க, அவங்களுக்கும் நீச்சல் தெரியாது. ஆச்சி அவங்க முந்தானையைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. பக்கத்துப் பாறையில யாரோ துவைச்சுப் பிழிஞ்சு வச்சிருந்த சேலை கிடந்துச்சு. ஈரச் சேலை, கனமா இருந்ததால வீசினதும் தூரம் போச்சு. முதல் வீச்சு தப்பிட்டு. ரெண்டாவது வீச்சுலதான் பையன் கையில சிக்குச்சு. இழுத்துக் கரையில போட்டோம். தண்ணி குடிச்சிருந்தான். ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி வச்சிருந்து அனுப்பிட்டாங்க.

அவன் அம்மாவும் நம்ம குழு உறுப்பினர்தான். அடுத்த வாரக் கூட்டத்துக்கு வந்தாங்க. சேமிப்புப் பணத்தைக் கட்டினாங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "அவன் போயிருந்தா தீர்மானப் புத்தகத்துல என்னன்னு எழுதியிருப்பீங்க?"

யாரும் வாயைத் திறக்கல. ஆசையில போனோமே தவிர, முந்தின நாள் போய் இடத்தைப் பார்த்தோமா? இல்ல. முப்பத்தைந்து பிள்ளைக்கு நாங்க மூணு பேர். கையில ஒரு கயிறு இருந்தது, அதுவும் அளக்கிறதுக்கு. ஏழு மாசம் நிறுத்தி வச்சோம். நிறுத்தியே விட்டுடலாம்னு சொன்னவங்களும் எங்களுக்குள்ள உண்டு. ஆனா அந்த ஏழு மாசமும் பையன்கள் திருட்டுத்தனமா ஆத்துக்குப் போய்க்கிட்டுத்தான் இருந்தாங்க, கரையில ஒரு பெரிய ஆள் கூட இல்லாம. அதைப் பார்த்துட்டு வீட்டுல சும்மா இருக்க முடியல.

திரும்ப ஆரம்பிச்சப்ப அந்த அம்மா சொன்னதைத்தான் முதல் விதியா எழுதினோம். முந்தின நாள் சாயங்காலம் மூங்கில் கழியால ஒவ்வொரு எட்டுக்கும் ஊன்றிப் பார்த்து, பள்ளம் இல்லாத இடத்துக்குக் கொடி நடணும். கொடிக்கு அந்தப்பக்கம் யாரும் போகக்கூடாது. தண்ணி சின்னப் பிள்ளையோட முழங்காலுக்குக் கீழேதான். அஞ்சு பிள்ளைக்கு ஒரு ஆள். இறங்கினதும் தண்ணி ஓரத்துல ஒரு குச்சி நட்டு, ஒருத்தர் அதையே பார்த்துக்கிட்டு இருக்கணும். ஏன்னா மேலே பாபநாசத்துல மின்சாரத்துக்குத் தண்ணி விட்டா இங்கே வெயில் அடிக்கும்போதே மட்டம் ஏறும். குச்சியில ரெண்டு விரல் ஏறினா விசில், எல்லாரும் கரைக்கு. ஐப்பசி தொடங்கி மார்கழி முடியற வரை போகவே மாட்டோம். பிள்ளைகளுக்கு முதல் பாடமே இதுதான்: யாராவது முங்கினா குதிக்காதே, கத்து, சேலையை வீசு, மூடி போட்ட காலி கேனை வீசு. காப்பாத்தக் குதிச்சவங்களும் சேர்ந்து போன வீடுகள் நம்ம பக்கத்துல எத்தனையோ இருக்கு.

2023 டிசம்பர் 17, 18 தேதி வெள்ளம் உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல மழை. அந்த வெள்ளம் வடிஞ்ச பிறகு போய்ப் பார்த்தா எங்களுக்குத் தெரிஞ்ச ஆறே அங்க இல்ல. பழைய பள்ளம் மூடியிருந்துச்சு, மணல்திட்டு இருந்த இடத்துல ஆளுயரப் பள்ளம். கரை மருத மரம் ரெண்டு சாய்ஞ்சு கிடந்துச்சு. நாப்பது வருஷப் பழக்கம்னு நம்பி இறங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அன்னைக்குக் கழி ஊன்றிப் பார்க்க முதல் ஆளா வந்து நின்னது அந்தப் பையனோட அம்மாதான். இன்னைக்கு வரைக்கும் அவங்க பிள்ளைகளோட வர மாட்டாங்க, மகனையும் அனுப்பல. ஆனா முந்தின நாள் கழி அவங்க கையிலதான். "நான் பார்த்தாத்தான் எனக்கு உறக்கம் வரும்"பாங்க.

இப்ப எங்க கஷ்டத்தையும் சொல்லிடறோம். அஞ்சுக்கு ஒருத்தர்னா முப்பது பிள்ளைக்கு ஆறு பேர், குச்சி பார்க்க ஒருத்தர். எங்கள்ல முக்கால்வாசிப் பேர் பீடி சுத்துறவங்க. ஒரு நாள் வந்தா ஒரு நாள் கூலி போச்சு. யாரும் பணம் தர்றதில்ல, நாங்க கேட்கவும் இல்ல. சுண்டல் செலவு குழுவோடது. அதனால ஒரு ஏற்பாடு பண்ணினோம்: வர முடியாதவங்க, வர்றவங்களுக்காக ஆளுக்கு நூறு பீடி சுத்திக் கொடுக்காங்க. இலையை முந்தின ராத்திரியே நனைச்சு வெட்டி வச்சிடறோம். எத்தனை மாசம் இப்படி ஓட்ட முடியும்னு தெரியல. போன ரெண்டு தடவையும் ஆள் குறைஞ்சதால பாதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துலேயே விட்டுட்டுப் போனோம். அதுக அழுததைச் சொல்லி முடியாது. ஆனா அஞ்சுக்கு ஒருத்தர்ங்கிறதை நாங்க மாத்த மாட்டோம்.

அதனால கூட்டமைப்புல இருக்கிற ஒவ்வொரு குழுவும் மாசம் ஒரு சனிக்கிழமைக்கு ரெண்டு பேரை அனுப்பினா போதும். படிப்பு வேண்டாம், நீச்சல் தெரிஞ்சா நல்லது, கண் கூர்மையா இருக்கணும். வர்ற மாசம் முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வாசல்ல கூடுறோம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்தீங்கன்னா கழி ஊன்றிப் பார்க்கிறதைக் கத்துக்கலாம், ராத்திரி எங்க வீட்டுல தங்கிக்கலாம். வரும்போது பழைய பருத்திச் சேலை ஒண்ணு கொண்டு வாங்க. நைலான் சேலை வேண்டாம், ஈரத்துல கை வழுக்கும்.