யார் சாட்சி சொல்வார்?

கோவை ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவல்களைப் படித்து வளர்ந்தவள் நான். துப்பறியும் கதையில் சூத்திரதாரி கடைசி அத்தியாயம்வரை ஒளிந்திருப்பான். கொங்கு மண்ணில் அப்படியில்லை.

2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போன தலித் இளைஞர் கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். போலீஸ் தேடிய யுவராஜ், தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் பேசினார். சாதி ஆதரவாளர்கள் அவரை நாயகனாகக் கொண்டாடினார்கள். அக்டோபரில் ஊரறியச் சரணடைந்தார்.

தாயின் விடாப்பிடியால் வழக்கு மதுரைக்கு மாறியது. முக்கிய சாட்சி பிறழ்ந்தார். கோயில் கேமரா பிறழவில்லை. 2022இல் சாகும்வரை ஆயுள் தண்டனை. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

கொன்றது யார் என்று ஊருக்குத் தெரிந்தேயிருக்கும். சொல்லத்தான் ஆளிருக்காது. சொல்ல முன்வருபவரின் வீட்டு வாசலில் நாம் துணை நிற்க வேண்டும், தோழர்களே.