மாடும் குறளும் கூடிய தை இரண்டு

(அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்தில் திருவள்ளுவர் நாளன்று நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று காலை நாட்காட்டித் தாளைக் கிழித்தோர், அச்சிறு தாளில் இத்துணைப் பெயர்கள் எங்ஙனம் இடங்கொண்டன என வியந்திருப்பர். மாட்டுப் பொங்கல், திருவள்ளுவர் நாள், கணு, திருவண்ணாமலைத் திருவூடல், பாலமேட்டு ஏறுதழுவல் யாவும் தை 2 ஆகிய இவ்வொரு பனிநாளிலேயே நிகழ்வன. உழவனுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று எனக் கூறுபோட்ட நாளாகவே பலரும் இதனைக் கருதுவர். அது மேலோட்டமான பார்வை.

மாடு என்னுஞ் சொல்லையே எடுத்துக்கொள்க. தமிழில் அது கால்நடையையுங் குறிக்கும், செல்வத்தையுங் குறிக்கும். ஆநிரையே செல்வமாயிருந்த முல்லை வாழ்க்கையின் சுவடு அது. இலத்தீன் மொழியிலும் கால்நடையைக் குறிக்கும் பெக்கசு என்னுஞ் சொல்லினின்றே பணத்தைக் குறிக்கும் பெக்கூனியா பிறந்தது. வள்ளுவப் பெருந்தகை கல்வி அதிகாரத்தை முடிக்குங்கால், 400ஆம் குறளில் இம் மாடு என்னுஞ் சொல்லையே ஆள்கின்றார். கல்வியே கேடற்ற செல்வம், ஏனையவை செல்வமாகா என்பது ஆங்கு அவர் கருத்து. தொழுவத்து மாட்டிற்கும் குறளின் மாட்டிற்கும் ஒரு நாளே வாய்த்தமை தற்செயலே எனினும் எத்துணைப் பொருத்தம்!

தற்செயல் என்றதற்குக் காரணமுண்டு. 1935இல் மறைமலையடிகள் முதலிய அறிஞர் சென்னையில் வள்ளுவர் திருநாள் கொண்டாடியது வைகாசி அனுடத்தில். தை 2 என அரசு வகுத்தது பின்னரே. திருவள்ளுவர் ஆண்டு 1971இல் தமிழ்நாட்டரசின் நாட்குறிப்பிலும், 1972இல் அரசிதழிலும், 1981இல் அலுவல்கள் அனைத்திலும் இடம்பெற்றது. இந்நாளில் மதுக்கடைகளை அடைக்கின்றனர். கள்ளுண்ணாமைக்குப் பத்துக் குறள் தந்தவர்க்கு ஆண்டில் ஒருநாள் நன்றி! முதல்நாளே வாங்கி வைத்துக்கொள்வார் உளர் என்பது வேறு கதை.

மாட்டுப் பொங்கலுக்கும் ஒரு கதை கட்டியுள்ளனர். நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் திங்களுக்கு ஒருமுறை உண்ணுமாறு மாந்தர்க்குச் சொல்லிவரச் சிவன் தன் காளையை விடுத்தானாம். அது நாள்தோறும் உண்டு திங்களுக்கொருமுறை குளிக்குமாறு மாற்றிச் சொல்லிற்றாம். அப்பிழைக்குத் தண்டனையாக மண்ணுலகில் ஏரிழுக்க வந்ததாம். உழவுத் தொழிலைத் தண்டனை என்று கண்ட மூளை எவருடையதாயினும், ஏர்பிடித்தவனுடையதாக இராது. அவன் இன்று செய்வது யாது? மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணந் தீட்டுகிறான், நெட்டிமாலை சூட்டுகிறான், புதுக்கயிறு மாற்றுகிறான், பட்டியிற் பொங்கலிட்டு முதலில் அதற்கு ஊட்டிய பின்னரே தான் உண்கிறான். குற்றவாளிக்குச் செய்யும் சிறப்பா இது? உழைப்பில் பங்காளிக்குச் செய்யும் நன்றிக்கடன் அன்றோ?

ஏறுதழுவலோ முல்லைக்கலி பாடிய பழமையுடையது. 2014இல் உச்சநீதிமன்றம் அதனைத் தடுத்தது. 2017 சனவரியில் சென்னைக் கடற்கரையில் இளைஞர் திரண்டனர், சட்டம் வந்தது, 2023இல் அந்நீதிமன்றமே அச்சட்டம் செல்லும் என்றது.

பலரும் அறியாதது அண்ணாமலைத் திருவூடல். பிருங்கி என்னும் முனிவன் சிவனை மட்டும் வணங்கி அம்மையை ஒதுக்குகின்றான். அவனுக்கு அருள் செய்யச் சிவன் எழுகின்றான். அம்மை சினந்து கோயிலுட் சென்று கதவடைக்கின்றாள். அவன் மலையை வலம் வந்து, மறுநாள் மீண்டபின்னரே ஊடல் தணிகின்றது. இவ்வூடல் நிகழும் தெருவிற்கே திருவூடல் தெரு எனப் பெயர். முனிவனை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது தமிழ் அகத்திணையே. கதவடைத்த தலைவியும் வெளியே நிற்குந் தலைவனும் மருதத் திணை கற்றார்க்குப் புதியரல்லர். திருக்குறளின் 133ஆம் அதிகாரமாகிய இறுதி அதிகாரம் ஊடலுவகை என்பதையும் இங்கு நினைக்க. வள்ளுவர் நூலை முடித்த இடத்தில், அவர் நாளன்று, அண்ணாமலையில் ஊடல் தொடங்குகின்றது!

கணுவும் இத்தகையதே. உடன்பிறந்தார் நலங்கருதிப் பெண்டிர் மஞ்சளிலையில் வண்ணச் சோற்றுருண்டை வைத்துப் பறவைகளுக்கு அளிக்கின்றனர்.

இனி நம்மூர்ப் பக்கம் வருவோம். ஏர்மாடு அருகிவிட்டது. உழுபொறிக்குச் சாந்துப் பொட்டிட்டுப் பொங்கலிடும் வீடுகள் பெருகிவிட்டன. அதனை எள்ளவேண்டா, உழைத்த கருவிக்குச் செய்யும் நன்றியே அது. ஆனால் மாடு போனால் மாடு மட்டும் போவதில்லை. செவலை, மயிலை, காரி, மறை எனும் நிறப்பெயர்கள் போகும். மேழி, கொழு, நுகத்தடி, பூட்டாங்கயிறு, தார்க்குச்சி போகும். உழுபொறியின் உறுப்புகளுக்கோ பழுதுபார்ப்போன் வாயில் ஒரு தமிழ்ப்பெயரும் இல்லை. அகரமுதலியில் அச்சேறாத சொற்கள் எத்தனையோ இத்தொழுவங்களில் கிடக்கின்றன.

பள்ளிப் பிள்ளைகள் இன்று மாலை ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு செல்லட்டும். ஏரில் எத்தனை உறுப்பு, நுகத்தில் எத்தனை முடிச்சு, ஒவ்வொன்றிற்கும் என்ன பெயர் எனக் கேட்டு எழுதி வரட்டும். விடை சொல்லும் முதியோர் விக்கிரமங்கலத்துத் திண்ணைகளில் இன்னும் இருக்கின்றனர்.