பழைய உருவை மறவாத உலோகம்



பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிட்ட இரயில்வே எழுத்தராகிய யாம் உலோகம் பற்றிப் பேச எழுந்தது தங்களுக்கு வியப்பளிக்கலாம். காரணம் உண்டு. தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத்தில் வாழும் எம் உறவினரின் பெண்குழந்தைக்கு இதயத்தின் மேலறைகளைப் பிரிக்கும் சுவரில் துளை இருப்பதாகச் சென்ற ஆண்டு தெரியவந்தது. மார்பைப் பிளக்க வேண்டுமோ என்று பெற்றோர் எம் இல்லத்தில் இரவெல்லாம் கண்ணீர் உகுத்தனர். மருத்துவரோ, தொடையின் இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, அதனுள் ஒடுக்கி வைத்த கம்பிவலையைத் துளையருகே வெளிவிட்டால், அது தானே விரிந்து அடைத்துக்கொள்ளும் என்றார். "விரியாவிட்டால்?" என்றார் குழந்தையின் தந்தை. அவ்வினாவே எம்மை நூல்களின் பக்கம் செலுத்தியது.

பாலக்காட்டு வெயிலில் தண்டவாளம் நீள்வதும் இரவில் சுருங்குவதும் நம் காலனியார் அறிந்ததே. ஆயினும் கோணிய தண்டவாளம் தானே நிமிர்ந்ததை எவரும் கண்டதில்லை. சாதாரண உலோகத்தை அளவு மீறி வளைத்தால் அதன் அணுக்கள் வழுக்கிப் புதிய அண்டை அணுக்களைச் சேர்ந்துவிடுகின்றன. நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழச் சரிபாதி அணுக்களாய்க் கலந்த உலோகத்திலோ அணு வரிசைகள் சாய்கின்றனவேயன்றி அண்டை அயல் மாறுவதில்லை. சூடு பட்டதும் நிமிர்ந்து பழைய உருவை எய்துகின்றன. அவ்வுருவை முன்னரே கற்பித்திருக்க வேண்டும். வேண்டிய வடிவில் இறுகப் பிணைத்து 500 பாகை செல்சியஸ் அளவில் காய்ச்சிக் குளிர்விப்பர். நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் இழுத்துவிட்டால் இதுவும் முழுமையாக மீளாது.

அமெரிக்கக் கடற்படையின் படைக்கல ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் என்பார் 1959 முதல் இக்கலவையை ஆராய்ந்தார். பின்னர் ஒரு கூட்டத்தில், பலவாறு மடித்த பட்டை ஒன்றைக் கைமாற்றிப் பார்த்திருந்தனர். டேவிட் மசி என்னும் புகைப்பிரியர் தம் தீமூட்டியை அதனருகே பிடித்தார். பட்டை நீண்டு நிமிர்ந்தது! உலோகங்களின் பெயரையும் ஆய்வுக்கூடத்தின் பெயரையும் இணைத்து நிட்டினால் என்றனர்.

இதயத்து வலைக்குத் தீ வேண்டுவதில்லை. உடலின் வெதுவெதுப்பே போதும். குழலின் நெருக்கம் நீங்கியதும் விரிந்துவிடும். இத்தகைய அடைப்பானைத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனமும் பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகமும் கூடி உருவாக்கி, தயாரிக்கும் நுட்பத்தை 2020இல் புனே நிறுவனமொன்றுக்கு அளித்தன. வானூர்தியார்க்கு இதயத்தில் என்ன வேலை என வினவ வேண்டா. வானூர்திக் குழாய்களை இறுக இணைக்கவும் இவ்வுலோகமே முன்னர்ப் பயன்பட்டது.

இவற்றையெல்லாம் அத்தந்தையிடம் எடுத்துரைத்தோம். பாதிதான் விளங்கியது என்றார், ஆயினும் கையொப்பமிட்டார். வலை விரிந்தது. அக்குழந்தை இதோ முன்வரிசையில் கோலாட்டத்திற்குக் கோல்களோடு காத்திருக்கிறாள். யாம் அமர்கிறோம்.