கொடுமுடி கோகிலமும் நமது குரலும்

(எல்கடுவயில் நமது இந்து வாலிபர் சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுகிறவர்கள் சைவத்தின் தொன்மையைப் பற்றிப் பேசுவார்கள். அல்லது வாலிபரின் கடமையைப் பற்றிப் பேசுவார்கள். அவற்றை நம்மைவிட நன்றாகப் பேசக்கூடிய பெரியோர் இச்சபையிலே இருக்கிறார்கள். ஆகவே, நாம் அறிந்த ஒன்றையே எடுத்துக்கொண்டோம். நாம் ஒரு ரசிகர். கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் பாட்டுக்கு அடிமை. இசைத்தட்டிலும், வானொலியிலும், ஒலிநாடாவிலும், இன்று கைப்பேசியிலும் அந்தக் குரலைத் தேடித் தேடிக் கேட்டு வருகிறோம். அக்குரலின் பெருமையையும், அது நம்மை நோக்கிக் கேட்கிற ஒரு கேள்வியையும் பற்றிச் சிறிது நேரம் பேச உத்தரவு வேண்டுகிறோம்.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி பாடல் பெற்ற தலம். சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடியது அத்தலத்திலேதான். அவ்வூரிலே 1908-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10-ஆம் நாள் அம்மையார் பிறந்தார். ஊரின் முதலெழுத்தும், தாயார் பாலாம்பாளின் முதலெழுத்தும் சேர்ந்துதான் அந்தக் கே. பி. ஆயிற்று. வீட்டிலே கொடிய வறுமை. சிறுமியாய் இருந்தபோது இரயிலிலே பாடிக் காசு பெற்றார் என்றும், அக்குரலைக் கேட்ட ஒருவரால் நாடக மேடைக்கு வந்தார் என்றும் சொல்வார்கள். வறுமையிலே வளர்ந்த அக்குழந்தைக்கு வயிற்றுப் பசியே முதற் குருவாயிற்று. தோட்டத்திலே பிறந்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அன்பர்களே, அம்மையாரின் கதையில் நமது நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அக்காலத்திலே தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல் கடந்து கொழும்புக்கு வந்து மாதக்கணக்கில் நாடகம் நடத்துவது வழக்கம். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அவர்களை அம்மையார் சந்தித்தது அப்படி வந்த இடத்திலே, 1926-ஆம் ஆண்டளவிலே, இந்த இலங்கையிலேதான். அடுத்த ஆண்டு இருவரும் மணம் செய்துகொண்டனர். 'வள்ளி திருமணம்' நாடகத்திலே அவர் வேலனாகவும், இவர் வள்ளியாகவும் நின்று பாட்டுக்குப் பாட்டு எதிர்த்துப் பாடியதை நேரிற் கேட்டவர்கள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மேடையைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி இல்லை. முன்னே ஆயிரம் பேர். கடைசி வரிசையிலே தரையில் குந்தியிருக்கும் கூலிக்காரனும் கொடுத்த காசுக்குப் பாட்டைக் கேட்டாக வேண்டும். அவனுக்கு இராகம் தெரியாது. ஆனால் சொல் தெரியும். ஆகவே குரல் உச்ச சுருதியிலே நிற்கவேண்டும். சொல்லும் உடையாமல் போய்ச் சேரவேண்டும். அம்மையாரின் பழைய தட்டுக்களைக் கேட்கும் இன்றைய வாலிபர் சிலர், "என்ன இது, சத்தம் போடுவதுபோல் இருக்கிறதே!" என்று நம்மிடம் சொல்வதுண்டு. அவர்கள் பேரில் பிழையில்லை. ஒலிவாங்கியை உதட்டருகே வைத்துக்கொண்டு முணுமுணுப்பதைக் கேட்டுப் பழகிய காது அது. கடைசி வரிசைக்காரனை மறவாமற் பாடிய குரல் இது என்று தெரிந்துகொண்டு ஒருமுறை கேட்டால், சத்தம் என்று தோன்றியதே பரிவாகத் தோன்றும்.

பழைய இசைத்தட்டுக்கு வேறொரு கட்டுப்பாடும் இருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அந்த அரக்குத் தட்டின் ஒரு பக்கத்திலே மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் இடம் உண்டு. விடிய விடிய நடக்கும் நாடகத்திலே விரித்துப் பாடிய பாட்டை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கவேண்டும். நீட்டி முழக்க நேரமில்லை. எடுத்த எடுப்பிலேயே சொல் வந்து நெஞ்சிலே விழவேண்டும். அம்மையாரின் பாட்டிலே வல்லினம் வல்லினமாக ஒலிக்கும். மெல்லினம் மெல்லினமாக ஒலிக்கும். ழகரம் ஒருபோதும் வழுக்கி விழாது. எழுதப் படிக்கத் தெரியாத நமது பாட்டிமார், ஒரு பாட்டை நாலைந்து தடவை கேட்டே மனப்பாடம் செய்துகொள்ள முடிந்ததற்கு இதுவே காரணம் என்பது நமது துணிபு.

1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25. அன்று முதல் வெள்ளைக் கதரும் விபூதியும் உருத்திராக்கமுமே அவரது கோலம். இனி எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டு வீட்டோடு இருந்துவிட்டார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றோர் வற்புறுத்தியே அவரை மீண்டும் வெளியே அழைத்து வந்தனர். 1935-இல் வெளியான 'பக்த நந்தனார்' படத்திலே அவர் நந்தனாராகவே நடித்தார். இலட்ச ரூபாய் ஊதியம் என்று நாடே அதிசயித்தது. கதாநாயகியாக நிற்க மறுத்த கைம்பெண், தில்லைக்குள் நுழைய முடியாத ஓர் அடியாராக நின்றார் என்பதே நமக்கு அதனினும் பெரிய அதிசயம்.

இவ்விடத்திலே நாம் சற்று நிற்கவேண்டும். நந்தனார் கதை நமக்கு வெறும் கதையா? 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிலே மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். உழைத்த மண்ணிலே உரிமை இல்லாமல் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் நமது தாத்தாமார். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் பெட்டி கட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போன உறவினர் இல்லாத குடும்பம் இத்தோட்டங்களிலே எத்தனை? எஞ்சியிருந்தோருக்கும் வழி பிறந்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான். வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அறிந்தவர்கள் நாம். அப்படியிருக்க, நமது கோவில் திருப்பணியிலும், தேரின் வடத்தைத் தொடுவதிலும், ஒருவனைப் பார்த்து, "நீ தள்ளி நில்" என்று நம்மில் எவராவது சொல்வாரானால், அவருக்கு நந்தனார் பாட்டைக் கேட்கும் அருகதை உண்டா? பெரியோர்கள் கோபிக்கக்கூடாது. கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டோம்.

பின்னர் 1953-இல் ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் தயாரித்த 'ஔவையார்' வந்தது. அதுமுதல் தமிழ் மக்கள் ஔவை என்றால் அம்மையாரின் முகத்தையே நினைத்தார்கள். 1965-இல் 'திருவிளையாடல்', 1967-இல் 'கந்தன் கருணை' ஆகிய படங்களிலும் அவரே ஔவை. இடையிலே 1964-இல் 'பூம்புகார்' படத்திலே கவுந்தியடிகள். 1973-இல் காரைக்கால் அம்மையார். ஒன்றைக் கவனியுங்கள்: இளமையையும் இல்வாழ்வையும் கடந்து, கோலூன்றி நடந்து, உண்மை பேசிய பெண்களே இவர்கள் எல்லாரும். தமக்கு நேர்ந்த துயரத்தை அம்மையார் மூலையிலே வைத்து அழவில்லை. இத்தகைய பெண்களின் குரலாக அதை மாற்றிக்கொண்டார்.

ரசிகர்கள் கூடினால் எது சிறந்த தட்டு என்ற வழக்கு எழாமல் இராது. பழைய நாடகப் பாட்டுக்களே உயர்வு என்பார் ஒருவர். 'ஔவையார்' என்பார் மற்றொருவர். நமது தீர்ப்பு 'திருவிளையாடல்' படத்திலே, கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன பாலமுருகனை ஔவை சமாதானம் செய்யும் பாட்டுக்கே. அதன் வேர் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாட்டிலே இருக்கிறது. தாம் இளமையிலே நாடக மேடையில் பாடி வளர்ந்த மரபை, ஐம்பத்தாறு ஐம்பத்தேழு வயதிலே, கே. வி. மகாதேவனின் இசையமைப்பிலே மீண்டும் பாடினார். கோபித்த பிள்ளையைப் பாட்டி எப்படிக் கூப்பிடுவாள்? முதலிலே கொஞ்சம் அதட்டல், பிறகு கெஞ்சல், பிறகு பெருமிதம். இவை மூன்றும் அப்பாட்டிலே உண்டு. கடவுளை அதட்டும் உரிமை அக்குரலுக்கு இருந்தது. கேட்பவர் எவரும் அதை மறுக்கமாட்டார்.

பட்டங்களும் பதவிகளும் வந்தன. 1951-இல் சென்னைச் சட்ட மேலவைக்கு அவர் சென்றார். இந்தியாவிலே சட்டமன்றத்துள் நுழைந்த முதற் கலைஞர் அவரே என்பர். 'துணைவன்' படத்திலே பாடியதற்காக 1969-ஆம் ஆண்டுக்குரிய சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன. 1980-இல் அவர் மறைந்தார்.

நமது மலைக்கு அக்குரல் வானொலி வழியாகவே வந்தது. இலங்கை வானொலியின் காலைப் பக்திப் பாடல்கள் ஒலித்த நாட்களைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். லயத்துக்கு ஒரு வீட்டிலே ரேடியோ இருந்தால் அதிகம். அந்த வீட்டுக்காரர் அதை வாசலை நோக்கித் திருப்பி வைப்பார். பிரட்டுக்குப் போக இடுப்பிலே படங்கைக் கட்டிக்கொண்டும், தேநீரைக் குடித்துக்கொண்டும், பனிமூட்டத்துக்கு நடுவிலே பத்து வீட்டார் ஒரு பாட்டைக் கேட்பார்கள். கேட்டதோடு விட்டாரில்லை. மலையிலே கொழுந்து பறிக்கும்போது அதே பாட்டை ஒருத்தி எடுப்பாள். அடுத்த நிரையில் நிற்பவள் தொடுப்பாள்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆடி வெள்ளி. நமது கோவிலிலே பூசை. வழக்கம்போல ஒலிபெருக்கியிலே அம்மையாரின் பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. பாட்டைத் தெரிந்தெடுத்து வைத்தவர் வேறு யாருமல்லர், நாம்தான். மலையிலே பெருமழை, பாட்டின் நடுவிலே மின்சாரம் நின்றுவிட்டது. குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. ஐயர் தீபாராதனைக்குக் காத்திருந்தார். "யாராவது பாடுங்களேன்" என்றார். அங்கே சங்கத்து வாலிபர் முப்பது பேர் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மையாரின் பாட்டை ஆயிரம் முறை கேட்ட நமக்கு இரண்டாவது அடிக்கு மேல் வாய் வரவில்லை. அப்பொழுது தூண் ஓரத்திலே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி பாடினார். பென்ஷன் வாங்கிப் பல வருடமான கொழுந்துக்காரி. குரல் நடுங்கிற்று. இரண்டு மூன்று இடத்திலே சொல்லும் மாறிப்போயிற்று. மாறியது என்று நமக்குத் தெரிந்தது. ஏனெனில் தட்டு நமக்கு அத்துப்படி. ஆனால் பாட்டு யாரிடம் இருந்தது? அந்தப் பாட்டியிடம் அல்லவா இருந்தது!

அன்று இரவு நாம் வெட்கத்தோடு வீட்டுக்குப் போனோம். கடைசி வரிசைக்காரன் வாய்க்கும் பாட்டு வரவேண்டும் என்று ஒரு பெண் வாழ்நாளெல்லாம் சொல்லைத் தெளித்துப் பாடினார். அவருடைய பாட்டை ஒலிபெருக்கியிலே வைத்துவிட்டு, அதையே சாக்காக்கி நாம் வாயை மூடிக்கொண்டோம். இது ரசனையா? சோம்பலுக்கு இட்ட பக்திப் பெயர் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

ஒலிபெருக்கியை உடைத்துப் போடச் சொல்லவில்லை. தட்டும் கைப்பேசியும் நமக்கு ஆசான்கள். ஆசான் பாடிக்காட்டிய பிறகு மாணவன் பாடவேண்டும் என்பதே நமது வேண்டுகோள். ஆகவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, வெள்ளிக்கிழமை பூசையிலே அரை மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு எல்லாரும் கூடிப் பாடவேண்டும்; ஒரு தேவாரமாவது முழுதாகப் பாடவேண்டும். இரண்டாவது, மாதத்துக்கு ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அம்மையார் பாடியதைக் கேட்டு, சொல் சொல்லாகப் பயின்று, மாத முடிவிலே சிறுவர் சிறுமியர் பாடிக் காட்டவேண்டும். மூன்றாவது, காமன் கூத்திலும் அர்ச்சுனன் தபசிலும் பாடிய பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டுக்களை அவர்கள் இருக்கும்போதே எழுதியும் பதிந்தும் வைக்கவேண்டும். அம்மையார் பிறந்து வளர்ந்த மேடைக்கும் நமது கூத்துக் களத்துக்கும் தூரம் அதிகமில்லை. இரண்டும் ஒலிவாங்கி இல்லாத இரவுகளிலே வளர்ந்தவை.

குரல் நன்றாயில்லை என்று யாரும் பின்னிற்க வேண்டாம். அன்று அந்தப் பாட்டியின் குரல் நன்றாயிருந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தீபாராதனை நடந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலிலே மாசி மகத்தன்று பஞ்ச ரதம் புறப்படும்போது, எந்தக் கை பலமான கை என்று பார்த்தா வடம் பிடிக்கிறோம்? எல்லாக் கையும் சேர்ந்தால்தான் தேர் அசைகிறது. பாட்டும் அப்படியே.

நாம் வாழும் வீட்டு வரிசைக்கு லயம் என்று பெயர் வந்தது வேறு காரணத்தால். என்றாலும் அச்சொல்லுக்கு இசையிலே ஒரு பொருள் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு லயத்திலே பிறந்த நாம் ஒரே லயத்திலே பாடக் கற்றுக்கொள்வோமாக! அடுத்த ஆண்டு விழாவிலே இந்த மேடையில் நின்று இத்தனை நேரம் பேச வேண்டிய வேலை நமக்கு இல்லாமற் போகட்டும். அந்த நேரத்திலே நமது பிள்ளைகள் பாடட்டும், நாமும் கூடப் பாடுவோம்.